ஜுல்மீரா வாய் திறக்காத மாலை

ஜுல்மீராவின் இஸ்திரி மேசை ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. போர்த்தோ நகரின் ஆற்றங்கரை உணவகங்கள் அனுப்பும் மேசைவிரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. விரிப்பில் இருக்கும் ஒயின் கறையைப் பார்த்தே நேற்று எந்த மேசையில் சண்டை நடந்தது, எந்த மேசையில் சமாதானம் ஆனது என்று சொல்லிவிடுவாள். மற்றதை ஜன்னல் சொல்லிவிடும். கீழே மிராகாயாத் தெருவின் வளைவுத் தூண்கள், தூண்களுக்கு அப்பால் டூரோ ஆறு, இரண்டுக்கும் நடுவில் தெரு முழுக்க ஜனம். விதவையாகி வெகுகாலம் ஆகியும் அவள் ஒருநாள்கூடத் தனியாக இருந்ததாக நினைத்ததில்லை. தெரு அவளோடு இருந்தது. தெருவுக்கும் அவள் இல்லாமல் பொழுது போகாது. அவளைப் பற்றிக் குறை பேசவாவது அவள் வேண்டும்.

அப்படிப்பட்டவளிடம் போய் அந்தோணியார் திருநாளன்று எவரிஸ்தோ ஒரு காரியம் கேட்டுவிட்டான்.

எவரிஸ்தோ ஆற்றுப் படகோட்டி. மனைவியை இழந்தவன். தோளில் கயிற்றுச் சுருளோடு வேலை முடிந்து வருவான். அவள் ஜன்னலுக்குக் கீழே நிற்பான். அவள் கொட்டுகிற அன்றைய சேதியெல்லாம் முடிகிறவரை நின்று கேட்டுவிட்டு, 'அப்படியா' என்று ஒரு வார்த்தை சொல்லிப் போய்விடுவான். அந்த மனிதன் அன்று கேள்விக்குறியே இல்லாமல் சொன்னான்: "மேல அணைக்கட்டுல மதகு வேலை குடுத்திருக்காங்க. அருளப்பர் திருநாள் முடிஞ்சதும் கிளம்புறேன். வீடு தர்றாங்க. நீங்களும் வந்தா கல்யாணம் பண்ணிக்கலாம், தோனா ஜுல்மீரா."

"அங்க அக்கம்பக்கம் யாரு?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"மலை. தண்ணி. வேற யாரும் இல்ல."

ஜுல்மீரா தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். மனிதன் நல்லவன், மறுக்க மனமில்லை. ஆனால் ஆளில்லாத மலையடிவாரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து யாரைப் பார்ப்பது, என்ன பேசுவது? "அருளப்பர் திருநாளுக்குச் சொல்றேன்" என்று தள்ளிப்போட்டாள்.

தள்ளிப்போட்ட நாளும் வந்துவிட்டது. திருநாளுக்கு முந்தைய மாலை. தெருவெங்கும் குறுக்கே கட்டிய வண்ணக் காகிதங்கள் ஆற்றுக்காற்றில் சலசலத்தன. வாசலுக்கு வாசல் மத்தி மீன் வாட்டும் அடுப்பு. புகை நீலமாக எழுந்து, தூண்களைச் சுற்றி, மாடிகளுக்கு ஏறி, துணிக்கொடிகளில் சற்றே தங்கி, பிறகுதான் வானத்துக்குப் போனது. பொழுது சாய்ந்தும் வெளிச்சம் போகவில்லை. ஜூன் மாதத்து வெயில், கதவு வரைக்கும் போய்த் திரும்பத் திரும்பப் பேச்சைத் தொடங்குகிற விருந்தாளி மாதிரி ஆற்றின் மேல் நின்றுகொண்டிருந்தது.

ஜுல்மீரா திருநாளுக்குரிய புனிதர் அருளப்பரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு வழி உண்டு. அந்த மாலையில் ஊற்றுத் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டு, விழுங்காமல் துப்பாமல் கதவருகேயோ ஜன்னலருகேயோ நிற்க வேண்டும். முதலில் காதில் விழுகிற ஆண்பெயர் எதுவோ அதுதான் புருஷன் பெயர். புனிதரின் பெயர் மட்டும் கணக்கில் சேராது. ஊரில் பாதிப்பேர் அந்தப் பெயர்க்காரர்கள். சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எவரிஸ்தோ என்று விழுந்தால் போவது. வேறு பெயர் விழுந்தால் இருப்பது. இவ்வளவுதான் கணக்கு.

கணக்கில் ஒரே ஒரு பிழை. இந்த ரகசியத்தை அவள் எதிர்வீட்டு கஸ்தோடியாவிடம் சொல்லியிருந்தாள்.

கஸ்தோடியாவும் சேதிக்காரிதான். ஆனால் ஜுல்மீரா இருக்கும்வரை இரண்டாவது இடம்தான். இவள் மலையேறிப் போய்விட்டால் மிராகாயா முழுவதும் தன் கைக்கு வந்துவிடும் என்று கண்டுகொண்டவள், ஜுல்மீரா வாயில் தண்ணீரோடு ஜன்னலருகே வந்து நின்றதுதான் தாமதம், கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினாள்: "எவரிஸ்தோ! ஏ எவரிஸ்தோ!"

எவரிஸ்தோ அந்தத் தெருவிலேயே இல்லை. ஜுல்மீரா எட்டிப் பார்த்தாள். வாயிலிருந்த தண்ணீர் முழுவதையும் கஸ்தோடியாவின் புதிய தலையலங்காரத்தின் மேல் இறக்கினாள்.

"ஐயோ! பாருங்கய்யா இவளை! நல்லது பண்ணப் போனா தலையில துப்புறா!"

"நல்லதா? அருளப்பர் பேசணும்டி, நீ பேசக் கூடாது!"

"உன் வயசுக்கு அவரு இவ்வளவு பேசினதே பெருசு. இது குமரிப் பொண்ணுங்க பண்ற வேலை, தெரிஞ்சுக்கோ."

இரண்டாம் முறை வாயை நிரப்பிக்கொண்டு வந்து நின்றாள். இந்தமுறை மீன் அடுப்புக்கார பல்தசார். ஜுல்மீராவின் ஜன்னலுக்குக் கீழே கடை போட்டிருப்பதால்தான் அவனுக்குக் கூட்டம்; சேதி கேட்க நிற்கிறவர்கள் சும்மா நிற்க முடியாமல் மீன் வாங்குவார்கள். அவள் போய்விட்டால் அடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். விசிறியை உயர்த்திப் பிடித்து, தூணடியில் மதியத்திலிருந்தே குடித்துவிட்டுக் கிடந்த தன் மைத்துனனைப் பார்த்துக் கூவினான்: "கசிமீரோ! எழுந்திருடா, கசிமீரோ! உனக்கு நல்ல காலம் பொறந்திருக்கு!"

தெருவே சிரித்தது. ஜுல்மீராவுக்கும் சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கு வழியே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு ஒன்று புரிந்தது. இந்தத் தெருவில் புனிதருக்குப் பேச இடமே கிடையாது. தன்னைத் தெரியாதவர்கள் வாயிலிருந்துதான் பெயர் வரவேண்டும். படியிறங்கி, பொது ஊற்றில் வாயை நிரப்பிக்கொண்டு, சால்வையைப் போர்த்தி, ஆற்றோரமாகப் பாலத்தை நோக்கி நடந்தாள்.

கன்னம் இரண்டும் உப்பி, வாயை இறுக மூடி வரும் ஜுல்மீராவைக் கண்டதும் தெரு ஒதுங்கி வழிவிட்டது. விளையாட்டு முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தியின் தலையெழுத்தைத் தன் வாயால் எழுதிவிட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் கடந்து போகிறவரை மிராகாயாவில் ஆண்களுக்கே பெயர் இல்லாமல் போயிற்று. "இந்தாங்க, உங்களைத்தான்" என்று புருஷனைக் கூப்பிட்டாள் ஒருத்தி. "அந்த ஒல்லி மனுஷனுக்கு இன்னொரு தட்டு குடு" என்றான் ஒருவன். மகனைக் கூப்பிட வேண்டிய தாய் ஒருத்தி கைகளைத் தட்டினாள். அதற்குத் தெருவிலிருந்த மகன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாய் மூடியிருந்ததாலோ என்னவோ, கண் அகலமாகத் திறந்துகொண்டது. எதைப் பார்த்தாலும் அந்தக் கணமே சொல்லிவிடுகிற பழக்கம் அவளுக்கு. சொன்னதும் பார்த்தது காலியாகிவிடும். இப்போது எதுவும் காலியாகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே அடுக்கிக்கொண்டே போயிற்று.

மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். மனைவியோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ வருஷமானவர். கையில் நீளமான பூண்டுத்தண்டு, நுனியில் ஊதாப் பூவுருண்டை. அதை யார் மூக்கில் வேண்டுமானாலும் தேய்க்கலாம், அன்றைக்கு யாரும் கோபிக்கக் கூடாது. அவர் அதைத் தன் மனைவியின் மூக்குக்கு அருகே, தேய்க்கவும் துணியாமல் எடுக்கவும் மனமில்லாமல் பிடித்திருந்தார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள். இது எப்பேர்ப்பட்ட சேதி! ஜுல்மீராவின் நாக்கு தண்ணீருக்குள் மீன் மாதிரி துள்ளியது. விழுங்கிவிடாமல் இருக்க ஒரு தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

செருப்புத் தைப்பவர் தன் வாசற்படியில் களிமண் பொம்மைகளால் ஊர் கட்டி வைத்திருந்தார். பஞ்சுப் புகை விடும் அடுப்புகள், கண்ணாடித் துண்டில் ஆறு, ஆட்டுக்குட்டியோடு புனிதர், வாத்தியக் கோஷ்டி, மாடு. மேலே ஒரு விரற்கடை அகல ஜன்னல். அதில் ஒரு களிமண் பெண் இடுப்பளவு வெளியே சாய்ந்திருந்தாள். வாய் வட்டமாகத் திறந்திருந்தது. ஜுல்மீரா குனிந்து பார்த்தாள். பொம்மைப் பெண் பேசிக்கொண்டேயிருந்தாள், சத்தம்தான் வரவில்லை. கீழே களிமண் ஜனங்கள் எல்லோரும் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆள், தோளில் நூலைச் சுருட்டி வைத்தவன், நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். செருப்புத் தைப்பவர் எழுந்து தொப்பியை எடுத்தார். "கோவிச்சுக்காதீங்க தோனா. வாயை மூடி வெச்சாப்புல செஞ்சு பாத்தேன். யாருன்னே தெரியல."

அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

மிராகாயா தாண்டியதும் கூட்டம் ஆறுபோல் ஆனது. ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் சுத்தியல். எதிரே வரும் எந்தத் தலையையும் விடாமல் கீச்சென்று ஒரு தட்டு. அந்த ஊரில் வாழ்த்துச் சொல்வதும் அப்படித்தான். முன்பின் தெரியாத கிழவர்கள் அவளைத் தட்டினார்கள். கன்னியாஸ்திரி ஒருத்தி தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வாயிலிருந்த தண்ணீர் தளும்பி அடங்கியது. அக்கார்டியன் ஒன்று ஒரு மூலையிலிருந்தும் மேளம் ஒன்று மறுமூலையிலிருந்தும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. ஆயிரம் வாய் பேசியும் ஒரு பெயரும் பெயராக வந்து சேரவில்லை. எல்லாம் அலையாக வந்து, காதைத் தொட்டுப் போனது. பெண்கள் சின்னத் துளசிச் செடித் தொட்டிகளை மார்போடு அணைத்துப் போனார்கள். மூக்கை வைத்தால் செடி வாடிவிடும் என்று உள்ளங்கையால் மட்டும் தொட்டு, கையை முகர்ந்தபடி போனார்கள். தண்ணீர் வாயில் வெதுவெதுப்பாகிவிட்டது. தான் நடக்கிறோமா மிதக்கிறோமா என்று ஜுல்மீராவுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் தெருவைப் பார்ப்பது மாதிரி இருந்தது. எல்லோரும் தெரிகிறார்கள், யாருக்கும் தன்னைத் தெரியவில்லை.

இரும்புப் பாலத்தின் நடுவில் கூட்டம் சற்று விலகி வழிவிட்டது. அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். இருகரையிலிருந்தும் காகித பலூன்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே சுடர் பிடித்ததும் ஒவ்வொன்றும் சற்றுத் தள்ளாடி, கூரைகளைத் தொட்டுவிடுவது போல் போக்குக் காட்டி, பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே போனது. வானம் இன்னும் இருட்டவில்லை. ஆற்றில் இன்னொரு வானம் கிடந்தது. அதில் பலூன்கள் கீழ்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

"லியோனெல்!"

பெண் குரல். பக்கத்தில்தான். தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. "லியோனெல்! எங்க போயிட்டீங்க? லியோனெல்!"

பச்சைத் துப்பட்டா கட்டிய பெண்மணி ஒருத்தி, கையில் இரண்டு துளசித் தொட்டிகளோடு, கூட்டத்தைத் துழாவியபடி கடந்து போனாள்.

ஜுல்மீரா நின்ற இடத்திலேயே நின்றாள். லியோனெல். தனக்குத் தெரிந்த லியோனெல்களை எண்ணிப் பார்த்தாள். சின்ன வயதில் பால்காரன் வைத்திருந்த கழுதைக்கு அந்தப் பெயர். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. ஆக, புனிதர் சொல்லிவிட்டார். எவரிஸ்தோ இல்லை. போகவேண்டியதில்லை. ஜன்னலும் மேசைவிரிப்பும் கஸ்தோடியாவின் தலையும் அப்படியே இருக்கப் போகின்றன. நிம்மதி வரவேண்டிய இடம் அது. அவள் தண்ணீரை விழுங்கினாள். நிம்மதி வரவில்லை.

வந்தது பேச்சுதான். மருந்துக்கடைக்காரரின் பூண்டுத்தண்டு, களிமண் ஜன்னல், கன்னியாஸ்திரியின் சுத்தியல், பெயரில்லாமல் போன ஆண்கள், இந்த லியோனெல், எல்லாம் தொண்டைக்கு வந்து முண்டியடித்து நின்றன. பக்கத்தில் ஒரு பெண் கம்பியில் சாய்ந்து சும்மாதான் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாலே கேட்கிற ஆள் என்று தெரிந்தது. வழக்கமான ஜுல்மீராவாக இருந்தால் இந்நேரம் அவளுடைய மாமியார் பெயர்வரை தெரிந்துகொண்டிருப்பாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சொல்ல மனமில்லை. இந்தப் பெண்ணிடம் மட்டுமல்ல. கஸ்தோடியாவிடமும் சொல்ல மனமில்லை, அது இன்னும் அதிசயம். ஊற்றடியிலிருந்து இவ்வளவையும் ஒன்றுவிடாமல் அடுக்கிக்கொண்டு வந்தது ஒருவனிடம் சொல்வதற்காகத்தான். முழுதும் கேட்டுவிட்டு 'அப்படியா' என்கிறவனிடம்.

புனிதர் சொன்னது ஒரு பெயர். தண்ணீர் சொன்னது வேறு ஒன்று. ஜுல்மீரா திரும்பி நடந்தாள். சுத்தியல்கள் இப்போதும் தட்டின. அவளுக்குத் தட்டியதே தெரியவில்லை.

எவரிஸ்தோ படகுத்துறையில் தனியாக இருந்தான். தலைகீழாகக் கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, சின்ன அடுப்பில் தனக்கு மட்டும் மத்தி மீன் வாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெட்டி படுக்கை கட்டி வைத்திருந்தது. திருநாளுக்கு ஊரே தெருவில் இருக்க, ஒரு மனிதன் இப்படியா உட்கார்ந்திருப்பான்?

"இங்க என்ன பண்றீங்க? தெருப் பக்கம் ஆளையே காணோமே!"

"நீங்க பேர் கேக்கப் போறது ஊருக்கே தெரியும். வந்தா யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. உங்க காதுல விழுந்துடும். அது நியாயம் இல்ல." ஒரு மீனைத் திருப்பிப் போட்டான். கேட்கப் பயந்துகொண்டே கேட்டான்: "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இருங்க, மொதல்லேருந்து சொல்றேன்."

சொன்னாள். கஸ்தோடியாவின் தலையிலிருந்து தொடங்கினாள். கசிமீரோவுக்குப் பிறந்த நல்ல காலத்தைச் சொன்னபோது அவன் மீசைக்குள் சிரித்தான். மருந்துக்கடைக்காரர் கதைக்கு விசிறுவதை நிறுத்திவிட்டான். களிமண் ஜன்னலைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. தோளில் நூல் சுருட்டி நின்ற ஆளைச் சொல்லாமல் தாண்டிப்போக நினைத்தாள், முடியவில்லை, சொன்னாள். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பாலம், பலூன், பச்சைத் துப்பட்டா. "லியோனெல்னு விழுந்துச்சு" என்று முடித்தாள்.

அவன் சோள ரொட்டியின் மேல் ஒரு மீனை எடுத்து வைத்தான். ஆற்றின் மேல் ஒரு பலூன் வழி தெரியாமல் தாழ்ந்து வந்து, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில் நின்று, மறுபடி ஏறியது.

"அந்தம்மா அவரைக் கண்டுபிடிச்சாங்களா?" என்றான்.

ஜுல்மீரா அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதை சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் எல்லோரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் கேட்டார்கள். எவரிஸ்தோவின் வாழ்க்கையைத் தட்டிவிட்டுப் போன பெயர் அது; அந்த லியோனெல் கிடைத்தானா என்று கவலைப்படுகிறான் இவன்.

"தெரியல. நான் வந்துட்டேன்." அவன் நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "ஏங்க, அந்த மதகு... ஆளே கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"ஆளு கிடையாது. படகு வரும். அணையைத் தாண்டுற படகெல்லாம் மதகு வழியாத்தான் ஏறணும்."

"வந்தா என்ன? கையை ஆட்டிட்டுப் போயிடும்."

"போக முடியாது. உள்ள நுழைஞ்சதும் பின்கதவை மூடிடுவோம். தண்ணி நிரம்பி மேல் மட்டத்துக்கு வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"நிதானமாத்தான் நிரம்பும். ஒரு கதை முழுசா கேக்கலாம்."

ஜுல்மீரா மெல்வதை நிறுத்தினாள். "படகுல யாரெல்லாம் வருவாங்க?"

"எல்லாரும். கல்யாண கோஷ்டி, ஒயின் வியாபாரி, சண்டை போட்டுக்கிட்டு வர்ற புருஷன் பொண்டாட்டி, இந்த ஊர்க்காரங்க, மேல் ஊர்க்காரங்க. வீடு மதகுச் சுவத்துக்கு மேலதான். ஜன்னல் அந்தப் பக்கம்தான். மொதல்ல படகு பாதாளத்துல கிடக்கும். தண்ணி ஏற ஏற கொடிக்கம்பம் தெரியும், அப்புறம் கூரை, அப்புறம் தொப்பி, அப்புறம் மூஞ்சி. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே மெதுவா மேல வருவாங்க. உங்க ஜன்னலுக்கு நேரா வந்து நிப்பாங்க."

"ஓட முடியாதா?"

"எங்க ஓடுறது? ரெண்டு பக்கமும் கதவு."

அவள் கண் முன்னால் அது நடந்தது. பச்சை மலைக்கு நடுவே ஒரு ஜன்னல். கீழே இருட்டான நீர்க்கிணறு. அதிலிருந்து சத்தமே இல்லாமல் தொப்பிகளும் முக்காடுகளும் முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. ஒவ்வொரு முகமும் ஏதோ ஒரு ஊரின் சேதியோடு, போக வழியில்லாமல், வாயைத் திறந்தபடி.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."

அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையை அங்கேயே சற்று நேரம் மறந்துவிட்டாள்.

"வர்றேன்" என்றாள். சொன்னது சரியாகக் கேட்டதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருந்தது, வாட்டிய மீன் அடுப்பில் கருகுவதை அவன் கவனிக்கவில்லை. எழுந்து சால்வையை உதறினாள். "அருளப்பர்கிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப அடுப்பை அணைச்சுட்டு எழுந்திருங்க. பாலம் வரைக்கும் போய் அந்த லியோனெல் கிடைச்சானான்னு பாத்துட்டு வந்துடலாம். அது தெரியாம நான் எப்படி ஊரை விட்டுக் கிளம்புறது?"